யேல் விண்ணப்பமும் அண்ணன் வீட்டு வரவு செலவும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் என் அண்ணன் மகளுக்கு இடம் கிடைத்த செய்தி பரவியபோது, ஸ்ரீராம்புரத்து அக்கம்பக்கத்தாரும் போளூரிலிருந்து அழைத்த உறவினர்களும் முதலில் கேட்டது, “எத்தனை மார்க் வாங்கினாள்?” என்பதைத்தான். அதற்குப் பதில் கிடைத்த பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, “அவ்வளவு பணத்துக்கு எங்கே போவீங்க?” என்று கேட்டார்கள். எங்கள் அனுபவத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. பிள்ளை பதினோராம் வகுப்பில், பெங்களூரில் நாம் சொல்லும் முதல் பியுசியில் இருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும். அதை எங்கள் வீட்டில் எப்படிக் கேட்டோம், அதனால் என்னென்ன மாறின என்பதை, இதே வழியில் போக நினைக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

நான் பெங்களூரில் ஒரு பொதுத்துறை வங்கியில் பணிபுரிகிறேன். கல்விக் கடன் விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் வந்து உட்காருவார்கள். பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சி இருக்கும், தந்தையின் முகத்தில் கலக்கம் இருக்கும். ஈடு இல்லாமல் பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய் வரைதான் கல்விக் கடன் தர முடியும், அதற்கு மேல் வீட்டுப் பத்திரமோ வேறு சொத்தோ வைக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது, அந்தக் கணக்கை அவர்கள் அன்றைக்குத்தான் முதன்முறையாகப் போடுகிறார்கள் என்பது தெரியும். கடிதம் வந்தாயிற்று, இனி மறுக்க மனம் வராது, மனைக்கட்டை விற்றாவது அனுப்பிவிடுவோம் என்று முடிவெடுப்பார்கள். அந்த முடிவுகளைப் பார்த்துப் பார்த்துத்தான், என் அண்ணன் வீட்டில் இது நடக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

அண்ணன் பெங்களூரின் தொழிற்பேட்டைப் பகுதியான பீன்யாவில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் செய்து கொடுக்கும் நிறுவனங்களிடமிருந்து ஜாப் ஒர்க் எடுத்து, பித்தளை புஷ், நட்டு போன்றவற்றைக் கடைந்து கொடுக்கும் தொழில். வருமானம் ஒரு மாதம் போல் மறு மாதம் இருக்காது. இந்த வீட்டுப் பிள்ளை, ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல் செலவாகும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தை நினைத்துப் பார்ப்பதே பேராசை என்று பலரும் சொன்னார்கள். விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் அது நியாயமான பேச்சுதான். அவள் சேர்ந்த 2024-25 கல்வியாண்டில் யேலில் படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு மூன்றும் சேர்ந்து 87,000 டாலரைத் தாண்டின. நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்று கோடி ரூபாய்.

ஆனால் அந்தத் தொகையை எல்லாரும் கட்டுவதில்லை, கட்ட வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகம் எதிர்பார்ப்பதும் இல்லை. இதைப் புரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. யேலின் உதவித்தொகை மதிப்பெண்ணுக்குத் தரும் பரிசு அன்று. குடும்பம் எவ்வளவு தர முடியும் என்று கணக்கிட்டு, மீதியைப் பல்கலைக்கழகம் தன் கொடை நிதியிலிருந்து ஈடுகட்டும் ஏற்பாடு அது. அவள் விண்ணப்பித்த காலத்து விதிப்படி, ஆண்டு வருமானம் 75,000 டாலருக்குக் குறைவாகவும் அதற்கு ஏற்ற அளவில் சொத்தும் உள்ள குடும்பத்தின் பெற்றோர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. நம் பணத்தில் அது அறுபது லட்சத்துக்கு மேல். பீன்யாவின் சிறு பட்டறைக்காரர்கள் பலரும் அந்த வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடுவார்கள். உதவித்தொகையின் பகுதியாகக் கடன் வாங்கச் சொல்வதும் இல்லை.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. அமெரிக்காவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதைச் சேர்க்கை முடிவின்போதே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு மாணவர்கள் ஒரே தரத்தில் இருந்தால், பணம் கட்டக்கூடியவர் பக்கம் தராசு சாயலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கும் பணநிலையைப் பார்க்காமலேயே முடிவெடுத்து, பிறகு தேவையை முழுமையாக ஈடுகட்டும் இடங்கள் மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஸ்டான்ஃபோர்டு அந்த வகையில் இல்லை. அங்கே வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பது முடிவில் எடைபோடப்படும். விண்ணப்பிக்கும்போது உதவி வேண்டாம் என்று குறித்துவிட்டு, சேர்ந்த பிறகு கேட்கலாம் என்றும் நினைக்கக் கூடாது, பல இடங்களில் அந்தக் கதவு நான்கு ஆண்டுகளுக்கும் மூடிவிடும். ஆகவே, எந்தப் பல்கலைக்கழகம் பெரியது, எது தரவரிசையில் மேலே என்று பார்த்துப் பட்டியல் போடுவதை நாங்கள் முதல் வேலையாகச் செய்யவில்லை. எந்த இடத்தில் எங்கள் வறுமை எங்கள் பிள்ளைக்கு எதிராக நிற்காது என்று பார்த்துத்தான் பட்டியல் போட்டோம்.

உதவித்தொகைக்கு நிரப்ப வேண்டிய படிவத்தை ‘சிஎஸ்எஸ் புரொஃபைல்’ என்பார்கள். காலேஜ் போர்டு என்ற அமைப்பு அதை நடத்துகிறது. வெளிநாட்டுக் குடும்பங்கள் தங்கள் நாட்டுப் பணத்திலேயே எழுதலாம் என்பதால் டாலர் கணக்கில் தலையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படிவம் ஓர் அமெரிக்கக் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். சொந்த வீடா, வாடகை வீடா என்று கேட்கிறது. அண்ணன் குடியிருப்பது லீஸ் வீடு. வீட்டுக்காரரிடம் எட்டு லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நம் பெங்களூர் ஏற்பாட்டுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. போளூருக்குப் பக்கத்தில் உள்ள நிலம் இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை. பட்டாவில் என் பெயரும் தம்பியின் பெயரும் சேர்ந்திருக்கின்றன. அம்மா அண்ணனோடு இருக்கிறார், அவருடைய சர்க்கரை நோய்க்கான மருந்துச் செலவு மாதாமாதம் அண்ணனுடையது. அண்ணியின் வளையல்கள் அடகில் இருக்கின்றன. மாதச் சீட்டு ஒன்று பாதியில் ஓடுகிறது. இரண்டாவது லேத் வாங்கிய முத்ரா கடன் இன்னும் முடியவில்லை.

இவற்றையெல்லாம் ஓர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினோம். அண்ணன் முதலில் பேசவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, “நம்ம வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் இப்படி எழுதிக் கொடுத்தா, பிள்ளையைக் குறைவா நினைக்க மாட்டாங்களாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வங்கியிலும் என் காதில் விழுந்திருக்கிறது. கடன் கேட்கும்போது வருமானத்தைக் கூட்டியும், சலுகை கேட்கும்போது குறைத்தும் சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது. அவர் கேட்டதற்கு அவருடைய மகளே பதில் சொன்னாள்: “அப்பா, பணக் கணக்கைப் பாக்குற ஆபீஸ் வேற. என்னை எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றவங்க வேற.” அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சீட்டைப் பற்றிச் சொன்னபோது அண்ணிக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. பிள்ளையிடம் வீட்டுக் கடனைச் சொல்லக் கூடாது என்று நினைக்கும் பெற்றோரின் அன்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தன் வீட்டு நிலையை முழுவதும் அறிந்த பிள்ளை அதைத் தாங்கிக்கொள்கிறது, அதற்கேற்பத் திட்டமிடவும் செய்கிறது. அன்று இரவு நான் கண்டது அதுதான்.

படிவத்தில் பொருந்தாதவற்றை விளக்குவதற்கென்று சிறப்புச் சூழ்நிலைகளுக்கான பகுதி ஒன்று உண்டு. நம் நாட்டுக் குடும்பங்களுக்கு அந்தப் படிவத்தில் மிகவும் பயன்படும் பகுதி இதுதான் என்பேன். லீஸ் தொகை எங்களுடையதே ஆனாலும் அந்த வீட்டில் இருக்கும்வரை அதைத் தொட முடியாது என்பதையும், நிலம் ஒருவர் மட்டும் விற்கக்கூடியது அன்று என்பதையும் அங்கே நான்கைந்து வாக்கியங்களில் எழுதினோம். சில வாரங்கள் கழித்து உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாடகைச் செலவு காட்டப்படவில்லை, சொந்த வீடும் இல்லை, அப்படியானால் குடும்பம் எங்கே வசிக்கிறது என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். லீஸ் ஒப்பந்தத்தின் நகலையும் ஒரு விளக்கத்தையும் அனுப்பினோம். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. வருமான வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்யப்பட்டிருந்ததும் ஜிஎஸ்டி கணக்கு அதோடு ஒத்துப்போனதும் எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தன. பல சிறு தொழில்காரர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரே இரவில் மூன்று ஆண்டுக் கணக்கை உருவாக்க முடியாது.

இனிச் சேர்க்கையைப் பற்றிச் சொல்கிறேன். 2024-இல் யேலுக்கு விண்ணப்பித்தவர்கள் 57,465 பேர், இடம் கிடைத்தவர்கள் 2,146 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. இதைக் கேட்டவுடன் நமக்கு ஐஐடி நுழைவுத் தேர்வு நினைவுக்கு வருகிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு. யேலில் கட்-ஆஃப் இல்லை, ரேங்க் இல்லை. மதிப்பெண் ஒரு வாசல் மட்டுமே. அதைத் தாண்டி வந்தவர்களே பல்லாயிரம் பேர் நிற்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பார்ப்பது, ஏறத்தாழ 1,500 பேர் கொண்ட ஒரு வகுப்பில் இந்தப் பிள்ளை எதைக் கொண்டுவந்து சேர்ப்பாள் என்பதை. ஒருவரின் விண்ணப்பத்தை அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அலுவலர் படித்து, குழுவின் முன் வைக்க, அங்கே பேசி முடிவெடுக்கிறார்கள். ஆகவே கிடைத்தவர் கிடைக்காதவரைவிட உயர்ந்தவர் என்று அந்த முடிவுக்குப் பொருள் கிடையாது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மிகச் சிறந்த பிள்ளைகள் பலருக்கு அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. அவர்களில் சிலரை எனக்கே தெரியும்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகளில் ஒன்றான எஸ்ஏடி தேர்வை அவள் எழுதியிருந்தாள். அந்த ஆண்டு யேலில் அது கட்டாயமில்லை. அடுத்த ஆண்டுச் சேர்க்கையிலிருந்து எஸ்ஏடி, அதைப் போன்ற பிற தேர்வுகளான ஏசிடி, ஏபி, ஐபி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் மதிப்பெண் வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள்.

உண்மையில் எங்களை அலைக்கழித்தது பள்ளிக்கூடத்துத் தாள்கள். பொதுவாக ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டு மதிப்பெண்களையும் அனுப்ப வேண்டும். கர்நாடகத்தில் பல பிள்ளைகளைப் போலவே அவளும் பத்தாவதோடு பள்ளியை விட்டு வேறு ஒரு பியு கல்லூரிக்குப் போனவள். பழைய பள்ளி, அவள் எங்கள் மாணவி இல்லை என்றது. புதிய கல்லூரி, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்றது. அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கென்றே ‘கவுன்சலர்’ என்று ஒருவர் இருப்பார்; அந்த இடத்தில் இங்கே முதல்வரின் கையெழுத்தையும் முத்திரையையும் பெற அண்ணன் பட்டறை வேலையை விட்டுவிட்டுப் பலமுறை போய்க் காத்திருந்தார்.

ஆசிரியர் பரிந்துரைக் கடிதங்கள் இரண்டு வேண்டும். நம் ஆசிரியர்களுக்குப் பழக்கமானது நன்னடத்தைச் சான்றிதழ்: ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். அப்படிப்பட்ட கடிதம் தீங்கு செய்யாது, ஆனால் எதையும் சொல்லாது. அவளுடைய வேதியியல் விரிவுரையாளர் நல்ல மனிதர், நேரம் இல்லாதவர். அவரிடம் அவள் ஒரு தாளில், வகுப்பில் அவரோடு வாதாடிய ஒரு கேள்வியையும் ஆய்வகத்தில் தவறாகப் போன ஒரு சோதனையையும் நினைவூட்டி எழுதிக்கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, தனக்கு நினைவிருந்த மூன்றாவது நிகழ்ச்சி ஒன்றையும் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினார் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது.

விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை 650 சொற்களுக்குள் இருக்க வேண்டும். எதைப் பற்றியும் எழுதலாம். அவள் எழுதியது பட்டறையின் பித்தளைக் கழிவைப் பற்றி. லேத்தில் கடையும்போது உதிரும் பித்தளைச் சுருளை மூட்டையாகக் கட்டி ஸ்கிராப் வியாபாரியிடம் எடைக்குப் போடுவார்கள். அதில் கூலண்ட் எண்ணெய் ஒட்டியிருக்கிறது என்று சொல்லி, வியாபாரி நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ கழித்துக்கொள்வது பல ஆண்டு வழக்கம். எட்டாம் வகுப்பிலிருந்து பட்டறைக் கணக்கு நோட்டை எழுதிவந்தவள், அந்த ஐந்து கிலோ எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டாள், யாருக்கும் தெரியவில்லை. பத்துக் கிலோ சுருளை வெந்நீரிலும் சோப்பிலும் அலசி, மொட்டை மாடியில் காயவைத்து, மறுபடியும் எடை போட்டாள். எடை குறைந்த அளவு ஐந்து விழுக்காட்டில் பாதிகூட இல்லை. ஆனால் மெல்லிய சுருளுக்கும் தடித்த சுருளுக்கும் ஒட்டும் எண்ணெயின் அளவு வேறுபட்டது. பதினைந்து ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் ஒருவர், சுருளைக் கையில் அள்ளிப் பார்த்தே எண்ணெய் அதிகமா குறைவா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னதும் இவள் அளந்ததும் எந்த அளவுக்கு ஒத்துப்போயின, எங்கே விலகின என்பதுதான் கட்டுரையின் உயிர். வியாபாரியிடம் பேரம் பேசி வென்ற கதை அதில் ஒற்றை வரி.

இந்த நகரத்தில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் நாங்களும் தொடக்கத்தில் போய்ப் பேசினோம். பிள்ளை ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கியதாகக் காட்டலாம், ஓர் ஆய்விதழில் பெயர் வரச் செய்யலாம், பட்டறையைப் பற்றி எழுதினால் எடுபடாது என்றார். அந்த அறிவுரையை ஏற்காததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. பதினேழு வயதுப் பிள்ளையின் வாழ்க்கையில் உண்மையாக இருப்பதை மறைத்துவிட்டு, இல்லாததை வாங்கிச் சேர்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்று நான் நம்புகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடவும் இல்லை. இரண்டாம் பியுசி தேர்வுக்கும் கர்நாடகத்தின் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வான சிஇடிக்கும் அவள் மற்றவர்களைப் போலவே படித்துக்கொண்டிருந்தாள். கிடைக்காவிட்டால் பெங்களூரிலேயே இளநிலை அறிவியல் படிப்பது என்பது வீட்டில் எல்லாரும் மனமார ஒப்புக்கொண்ட முடிவு. அந்த முடிவு முன்கூட்டியே இருந்ததால்தான், யேலின் பதில் வரவேண்டிய மார்ச் மாதக் கடைசி வாரம் எங்களால் தூங்க முடிந்தது.

விசா நேர்காணலுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கர்நாடகத்தவர்க்கும் அப்போது ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம்தான். நேர்காணல் முடிந்த மதியம், அவள் ஆசைப்பட்டாள் என்று உயர் நீதிமன்றப் பக்கம் போனோம். அந்த வளாகத்தில் உள்ள பழைய கல்லறைக் கூம்பின் அடியில் புதைக்கப்பட்டவர்களில் ஒருவன் டேவிட் யேல் என்ற சிறுவன். அவனுடைய தந்தை எலிஹு யேல், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672-இல் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். ஊழல் குற்றச்சாட்டுகளோடு அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். அடிமை வணிகத்திலும் அவர் ஆட்சிக்குப் பங்கு உண்டு. இந்த மண்ணில் சேர்த்த செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பிய அவர், 1718-இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் அரசர் முதலாம் ஜார்ஜின் உருவப்படமும் அனுப்பினார். சரக்கை விற்றுக் கட்டடத்துக்குப் பணம் திரட்டிய கல்லூரி அவருடைய பெயரைச் சூட்டிக்கொண்டது. அந்த வரலாற்றை அவள் விண்ணப்பத்தில் எழுதவில்லை, எழுத வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அங்கே தரப்படும் உதவித்தொகையை யாரோ இரக்கப்பட்டுப் போடும் பிச்சை என்று உறவினர் ஒருவர் சொன்னபோது, அந்தச் செல்வத்தின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையின் உழைப்பும் இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

சேர்க்கைக் கடிதத்தோடு வந்த உதவித்தொகைக் கடிதத்தைத்தான் நாங்கள் அதிக நேரம் படித்தோம். பெற்றோர் பங்கு சுழியம் என்று இருந்தது. விமானப் பயணச் செலவையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அதே நேரம் மாணவரின் பங்கு என்று ஒரு வரி உண்டு. கோடை விடுமுறையிலும் கல்விப் பருவத்திலும் வளாகத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை பார்த்து அவளே ஈட்ட வேண்டிய தொகை அது. 2024-இல் விசாக் கட்டணம் 185 டாலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு அமெரிக்க அரசு வாங்கும் சேவிஸ் கட்டணம் 350 டாலர் இரண்டையும் புறப்படும் முன்பே நாங்கள்தான் கட்ட வேண்டியிருந்தது. கடிதத்தின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு இந்த வரிகளைத் தாண்டிப் போகிறவர்கள் ஜூலை மாதத்தில் கைமாற்றுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, இந்த உதவி நான்கு ஆண்டுகளுக்கும் ஒரேயடியாக முடிவாவதில்லை. ஆண்டுதோறும் படிவத்தை மறுபடி நிரப்பி, வரிக் கணக்கை அனுப்ப வேண்டும். பட்டறையில் வரவு கூடினால் பல்கலைக்கழகம் தரும் உதவி குறையலாம், வரவு குறைந்தால் உதவி கூடலாம். அதனால் அண்ணன் இப்போது பில்களையும் அம்மாவின் மருந்துச் சீட்டுகளையும் மாதவாரியாகத் தனித்தனிக் கோப்பில் போட்டு வைக்கிறார். லீஸ் ஒப்பந்தம் இந்தத் தை மாதத்தில் முடிகிறது. வீட்டுக்காரர் கூடுதலாக இரண்டு லட்சம் கேட்கிறார், அதுவும் அடுத்த படிவத்தில் எழுத வேண்டிய செய்திதான்.